மாடுங்கண்ணா

ஒக்கலிபுரம் ஆட்டோ ஸ்டாண்டில் மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடிக்கிறது. வரிசையின் முதல் வண்டி சங்கமித்ராவுடையது. அங்கே ஆட்டோ ஓட்டும் ஒரே பெண் அவள். பெரிய பெட்டியோடு ஓர் அம்மாள் வந்து நிற்கிறார். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் மஞ்சுநாத், “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, சிஸ்டர்” என்று கன்னடத்தில், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடிக்கிறார். நல்ல சவாரி வரும்போதெல்லாம் கேட்கிற பேச்சு. இதுவரை அவளும் ஒதுங்கித்தான் வந்திருக்கிறாள். இன்று சாவியை உருவிக் காக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குகிறாள். பெட்டியை வாங்கி வண்டியின் பின்பக்கம் வருகிறாள். ஏற்ற இடமில்லாமல் மஞ்சுநாத் வண்டியின் முன்சக்கரம் இடிக்கிறது. மழைத்துளி வழியும் அவர் வண்டியின் முன்கண்ணாடி வழியே அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். “இத்தனை நாளா நான்தானே மாடினேன்? இன்னிக்கு நீங்க மாடுங்கண்ணா.” அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஹாரன் ஓய்கிறது. மஞ்சுநாத் தரையில் காலை ஊன்றி, வண்டியை ஓரடி பின்னுக்குத் தள்ளுகிறார்.