பிள்ளையாருக்குச் சாத்திய புல்

வெங்காயம் வாசற்படி தாண்டாத வீட்டில், மாமியாரிடம் அழகுப்புல் என்று சொல்லித்தான் பால்கனித் தொட்டியில் சைவ்ஸ் விதைத்திருந்தாள் தாரிணி. வெங்காய மணம் வீசும் அந்த மெல்லிய தாள்கள் காலையில் பார்த்தபோது ஒரு சாண் வளர்ந்து நின்றன. அலுவலகத்தில் வேலையே ஓடவில்லை. தயிரில் தூவலாமா, தோசையில் தூவலாமா என்று நாக்கு நாளெல்லாம் நச்சரித்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பை உதறிவிட்டு, கத்தரிக்கோலோடு பால்கனிக்கு ஓடினாள்.

தொட்டி மொட்டையாக இருந்தது.

அந்த மணம் பூஜையறையிலிருந்து வந்தது. இன்று சங்கடஹர சதுர்த்தி. விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையாரின் கழுத்து நிறையப் பச்சை மாலை. எதிரே மாமியார் வசுமதி கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"அறுகம்புல் கெடைக்கலை. ஒன் புல்லைத்தான் சாத்தியிருக்கேன்."

தாரிணி கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அடியில ரெண்டு விரக்கடை விட்டுத்தான் நறுக்கினேன். மறுபடி வளருமோன்னோ?"

நிலா பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருக்கும் அந்த உதட்டோரத்தில், ஒரு பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது.