பத்து மணி நிலவரம்

"இன்னிக்கு வெயில் நாப்பத்தொண்ணைத் தொடும்மா. பதினோரு மணிக்கு மேல வெளியே தலை காட்டாதீங்க," என்றார் பெரியவர் போனில்.

மறுமுனையில் அந்தப் பெண் சரி என்றாள். கோடை தொடங்கியதிலிருந்து ஒரு நாள் தவறாமல், காலை பத்து மணிக்கு அவர் அவளை அழைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரியவர் வானிலை நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருஷம். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், பாதி ஞாயிறுகளில் அதுவும் இல்லை. மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. டிவியில் வானிலை சொல்லும் பெண்ணைத் திருத்துவதுதான் ஒரு நாளில் அவர் வாய் திறந்து பேசும் மொத்தப் பேச்சு. இந்த வருஷக் கோடை வழக்கத்தைவிட நீளும், முடிகிற சமயத்தில் கடல் ஈரமும் சேர்ந்துகொண்டு படுத்தி எடுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்வதற்குத்தான் ஆளில்லை.

அப்படி இருந்தபோதுதான் ஒரு காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வெயில் எப்படி இருக்கிறது என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்தது. யாரோ வானிலை நிலையம் என்று நினைத்துத் தன்னைக் கூப்பிட்டுவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அவளை மேலே பேசவிடாமல் கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தார். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "யாரும் இல்லீங்கய்யா. தனியாத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. நாளையிலிருந்து தானே தினமும் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அவளிடம் ஒரே ஒரு தொல்லை, பிடிவாதம். தண்ணீர் குடிக்கச் சொன்னால், முதலில் நீங்கள் குடியுங்கள், சத்தம் கேட்டால்தான் நான் குடிப்பேன் என்பாள். தாகம் எடுத்தால்கூட எழுந்து போகச் சோம்பல்படுகிற மனிதர், அவளுக்காக மடக் மடக்கென்று குடித்துக் காட்டினார். மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டால், நீங்கள் என்ன சமைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்பாள். பொய் சொல்ல வராததால் அவர் சமைக்க ஆரம்பித்தார். ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் அறை குளிருமா என்று ஒருநாள் கேட்டாள். கட்டிப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? கட்டினார். அறையில் மூன்று டிகிரி குறைந்தது. அதை அவளிடம் சொல்ல மறுநாள் பத்து மணி வரை காத்திருப்பது பெரும்பாடாக இருந்தது.

ஏழாவது வாரத்தில் வானம் மூடிக்கொண்டது. வெப்பம் முப்பத்தேழாகக் குறையும் என்று டிவிப் பெண் சிரித்தபடி சொன்னாள். பெரியவருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாகவே காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, தலை கனத்தது. ஆனாலும் நினைப்பெல்லாம் அவள்மேல்தான். வெயில் தணிந்துவிட்டது என்று நம்பி எங்காவது கிளம்பிவிடப்போகிறாள்.

பத்து மணிக்கு அழைத்தார்.

"மேகத்தைப் பார்த்து ஏமாறாதீங்கம்மா. இது நேத்து வரைக்கும் இருந்த வெயில் இல்ல. காத்துல ஈரம் ஏறிப்போச்சு. வேர்வை காயாது. காயலைன்னா உடம்புச் சூடு வெளியே போக வழியே இல்ல."

"நீங்க எப்படி இருக்கீங்கய்யா?"

"என்னை விடுங்க. மேகத்தைப் பார்த்து ஏமாறாதீங்கம்மா..."

சொன்னதையே மறுபடி சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. நாக்கு குழறியது.

"ஐயா, இன்னிக்கு என்ன கிழமை?"

"ஞாயிறு. என் பொண்ணு பேசுவா."

அன்று புதன்.

"போனை வைக்காதீங்க. அப்படியே போய்க் கதவைத் திறந்து வைங்கய்யா. எனக்காக."

எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்குத்தான் ஏதோ ஆபத்து என்று பதறிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து தாழ்ப்பாளை நீக்கினார். அதுவரைதான் நினைவிருந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தார். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வர இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றாள் நர்ஸ். அவர் மணி கேட்டார். மறுநாள் காலை பத்தரை என்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒரு பொண்ணு தனியா இருக்காம்மா. நான் கூப்பிடலைன்னா அவ தண்ணிகூடக் குடிக்க மாட்டா."

நர்ஸ் அவரை அமுக்கிப் படுக்கவைத்துவிட்டு, வாசலில் நின்றிருந்த ஒருத்தியை உள்ளே விட்டாள். முப்பது வயது இருக்கும். எப்படிங்கய்யா இருக்கீங்க என்று அவள் கேட்டதுமே பெரியவருக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. இந்தப் புழுக்கத்தில் ஏன் வெளியே வந்தாய் என்று கடிந்துகொண்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். இன்னும் இரண்டு நாள் இப்படித்தான், அப்புறம் மழை இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் கையைப் பிடித்தபடி பாதியிலேயே தூங்கிப்போனார்.

கையை மெல்ல விடுவித்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். பின்னாலேயே வந்த நர்ஸ், "நீங்க அவர் மகளா?" என்று கேட்டாள்.

அவள் பைக்குள் வைத்திருந்த அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இல்ல சிஸ்டர். தனியா இருக்கற பெரியவங்களுக்கு வெயில் காலத்துல தினமும் போன் பண்ணி விசாரிக்கறது நகராட்சியில என் வேலை, என் லிஸ்ட்ல அவர் பதினேழாவது ஆள். தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, என்னைக் காப்பாத்தணும்னுதான் அவர் தண்ணியே குடிக்கறார்."