சுபேதார் போட்ட திட்டம்

சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தார் ரிட்டயர்டு சுபேதார் நேசையன். பட்டாளத்தில் போர்த் திட்டம் வகுக்கும் ஆபரேஷன் ரூமிலேயே காலம் தள்ளியவர்.

“இது பஸ் ஸ்டாண்டு. ராஜபாளையத்துல இருந்து சொந்தக்காரங்க எவன் வந்தாலும் இங்கனயே மறிச்சுரணும். அது உன் பொறுப்பு.”

“பின்வாசல், பெரியப்பா?” என்றான் தம்பி மகன் ஞானராஜ்.

“உங்க பெரியம்மா பார்த்துக்கிடுவா. பேப்பர்காரனையும் நிறுத்தியாச்சு. திட்டத்துல ஒரு ஓட்டை விழுந்தாலும் ரெண்டு உயிரு போயிரும்லே.”

சொல்லிவிட்டு நெஞ்சுவலி மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

“எம்புட்டு நாளைக்கு?”

“பிரசவம் முடியிற வரைக்கும். யாழ்ப்பாணத்துச் சண்டையில என் மகன் செத்த சேதி மருமக காதுல விழவே கூடாது.”

காலையில்தான் பழைய பட்டாளத்து சிநேகிதர் வந்து அதை ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“அந்த ரேடியோவை எடு. பேட்டரியக் கழட்டிருவோம்.”

ஞானராஜ் ரேடியோவைத் திறந்தான். உள்ளே பேட்டரி இல்லை.

“நாந்தான் கழட்டுனேன், மாமா.”

நிறைமாத வயிற்றோடு கதவருகே நின்றிருந்தாள் மருமகள் ஜெபராணி.

“பட்டாளத்துத் தந்தி பொண்டாட்டி பேருக்குத்தான வரும்? முந்தாநாளே வந்துருச்சு. நெஞ்சுவலியோட இருக்கிற உங்க காதுல விழுந்துரக் கூடாதுன்னுதான்…”