சூரியனை மறைத்தவன்

“யோவ்! நகருய்யா! சூரியனை மறைச்சுக்கிட்டு நிக்கறே!”

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவி திடுக்கிட்டாள். காட்டில் படம் எடுக்கும்போது தும்மலைக்கூட விழுங்கிவிடுகிற மனிதர். அவருக்கு இவ்வளவு பெரிய குரலா?

நகரத்து அந்தியைப் படம் எடுக்கும் போட்டிக்கு இன்றே கடைசி நாள். புலிப் படங்களால் ‘புலிக்காரர்’ என்று பெயர் வாங்கியவருக்குக் கட்டடம் பிடிபடாது என்று நண்பர்கள் கேலி செய்திருந்தார்கள். ஒரு வாரமாக மேகம். இன்றுதான் எதிர்க் கட்டடத்தின் மேல் சூரியன் முழுசாகப் பழுத்து நின்றது. அதன் நட்டநடுவே, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றது ஒரு கறுப்பு உருவம்.

“அவரும் பாத்துட்டுப் போகட்டுமே. ஆளோட சேர்த்தே எடுங்க.”

“நீ சும்மா இரு. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சிருக்கான்.” கேமராவில் பதித்த கண்ணைப் புலிக்காரர் எடுக்கவில்லை. விரல் பொத்தானை அழுத்தவுமில்லை.

“டேய்! உன்னைத்தான்! பெரிய ஹீரோன்னு நெனப்பா?”

உருவம் தலையைத் திருப்பியது. “யாரைடா டேய்ங்கறே?”

“உன்னைத்தான்டா! தைரியம் இருந்தா இங்க வந்து கேளு! படியில இறங்கி வாடா!”

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மனைவிக்கு மானம் போயிற்று. “யானைகிட்ட இப்படிக் கத்துவீங்களா?”

“யானைன்னா இந்நேரம் என்னைத் துரத்தியிருக்கும். இவனுக்கு ரோஷமே வர மாட்டேங்குதே!” மறுபடி கைகளைக் குவித்துக் கத்தினார். “உன்னால வர முடியாதுடா! நீ வெறும் வாய்தான்!”

“அங்கேயே இருடா! வரேன்!”

உருவம் சுவரிலிருந்து உள்பக்கம் இறங்கி மறைந்தது. சூரியன் தனியாக, குறையில்லாமல் நின்றது.

“இப்ப எடுங்க! சீக்கிரம்!”

அவர் கேமராவைத் தொடவில்லை. படிக்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சண்டைக்குத் தயாராகிவிட்டார் என்று அவளுக்குப் பதைத்தது. கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் நழுவிப் போயிற்று.

கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தான் ஓர் இளைஞன். வெறுங்கால். மூச்சிரைத்தது. வந்த வேகத்தில் புலிக்காரரின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். “இப்பச் சொல்லுடா! சொல்லு!”

அறைந்த கையை அவர் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“என்னங்க, விடுங்க அவரை! போதும்!”

அவர் விடவில்லை. காட்டில் பேசுகிற குரலில், இளைஞனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நீங்க சொல்லுங்க தம்பி... எதுக்குக் குதிக்கப் பாத்தீங்க?”