ஓடவில்லை என்றார்கள்

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த ரசாயன ஆலையில், வாயுக் கசிவில் என் மனைவி நௌஷீன் இறந்தாள். கதவு திறந்துதான் இருந்தது, அவள் ஓடாமல் பயந்து உட்கார்ந்துவிட்டாள் என்று விசாரணையில் பாதுகாப்பு மேலாளர் மதிவாணன் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள்.

மீட்புக் குழுவில் இருப்பவர்களை ஆண்டுதோறும் மாஸ்க் மாட்டி டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள். உடம்பு எடுக்கும் ஆக்சிஜன் திரையில் கோடாக ஏறும். இந்த ஆண்டு நானும் குழுவில் சேர்ந்தேன்.

"ஓட ஓட ஏறும்ணா. அப்பால ஒரு இடத்துல நின்னுக்கும். அதுக்கு மேல ஒடம்பால முடியாது," என்றாள் டெக்னீஷியன் துர்காதேவி.

அப்படித்தான் ஏறி நின்றது. நான் இறங்கினேன். அவள் மாஸ்க்கைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். கோடு விழுந்தது. பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது.

"இன்னாம்மா, யாரு ஓடிக்கினு கீறாங்க?" என்று சோதனையைப் பார்த்துக்கொண்டு நின்ற மதிவாணன் சிரித்தார். "மிஷின் பேஜாரு பண்ணுது. ஆஃப் பண்ணு."

"மிஷின் நல்லாத்தான் சார் கீது."

கோடு நான் எட்டிய இடத்தைத் தாண்டிப் போனது. உச்சியில் நின்றது. இறங்கவில்லை.

மதிவாணன் சுவிட்சுக்குக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து முறுக்கினேன்.

"கைய உடு பைசல். பைத்தியமா உனக்கு?"

"நௌஷீன் ஓடலன்னு சொன்னியே. வந்து பாரு."

காலரைப் பிடித்து அவர் முகத்தை, கொக்கியில் காலியாகத் தொங்கிய மாஸ்க்கின் அருகே இழுத்தேன். அதன் உள்பக்கத்தில் ஆவி படிந்தது, மறைந்தது, இன்னும் வேகமாகப் படிந்தது.