வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்

“ரெண்டு டிக்கெட் கொடுங்க தம்பி. என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கார்.”

கவுண்டரில் இருந்த குனிஜி டிக்கெட் கட்டைக் கையால் மூடிக்கொண்டான். ஒசாகாவின் அந்தச் சின்னத் தியேட்டரில் ஆணும் ஆணும் காதலித்துக் கட்டிப் புரளும் பழைய படங்கள்தான் ஓடும். டிக்கெட் வாங்குகிற ஆண்களே முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டுகிற இடம் அது. இந்த அம்மாள் என்னடாவென்றால், உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தவளைப் போல நிமிர்ந்து நிற்கிறாள்.

“இங்கே பொம்பளைங்களை விடறதில்லைம்மா.”

“படத்துலயும் பொம்பளை கிடையாது, தியேட்டர்லயும் கிடையாதா? நல்லா இருக்கு போங்க.” கைப்பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாள். “வாயில போட்டுக்கோங்க. முகமே வெளுத்துப் போச்சு.”

மிட்டாயை வாங்கிக்கொண்டு குனிஜி கெஞ்சினான். “எதுவா இருந்தாலும் வீட்டுல வெச்சுப் பேசித் தீர்த்துக்கலாமே. படம் முடிஞ்சதும் அவரே வந்துடுவார்.”

“வரமாட்டார். அதனாலதான் நானே கிளம்பி வந்தேன். இன்னைக்குக் கடைசிக் காட்சின்னு போஸ்டர்ல போட்டிருக்கீங்க. இதை விட்டா அவரை நான் எங்கே பார்க்கிறது?”

அவளுக்குப் பின்னால் ஒருவர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டு நின்றிருந்தார். பருத்த தோள். இரண்டு கையும் முஷ்டியாக இறுகியிருந்தன.

“அவர் யாரு?”

“என்கூட வந்தவர். அவரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தே ஆகணும்.”

அண்ணனோ தம்பியோ, எலும்பை எண்ணத்தான் வந்திருக்கிறான் என்று குனிஜி முடிவு கட்டினான். மைக்கை எடுத்தான்.

“அரங்கத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு. வாசலில் நிற்கும் வெள்ளை சைக்கிளைத் தயவுசெய்து எடுக்கவும்.”

வாசலில் வெள்ளை சைக்கிளும் இல்லை, கறுப்பு சைக்கிளும் இல்லை. யாருடைய மனைவியோ வந்துவிட்டாள் என்பதற்கு அந்தத் தியேட்டர் வைத்திருந்த சங்கேதம் அது. பின்வாசல் கதவு கிறீச்சிட்டது. கோட்டும் சூட்டுமாக, வழுக்கைத் தலைகளாக, ஒருவர் காலணியைக் கையில் பிடித்தபடி, எல்லோரும் சந்துக்குள் இறங்கி ஓட்டம் பிடித்தார்கள். யார் மனைவி என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. அவரவருக்கு அவரவர் பயம்.

சத்தம் அடங்கியதும் குனிஜி தாராளமாகச் சிரித்தான். “இந்தாங்கம்மா டிக்கெட். உள்ளே போய்ப் பாருங்க.”

நாற்காலியை உடைத்துவிட்டால் முதலாளியிடம் யார் பதில் சொல்வது? டார்ச்சுடன் அவனும் பின்னாலேயே போனான்.

காலி அரங்கில் இருவரும் நட்டநடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். குனிஜி வரிசை வரிசையாக வெளிச்சம் அடித்துக் காட்டினான். “பார்த்தீங்களா? உங்க வீட்டுக்காரர் இங்கே இல்லவே இல்லை.”

“இருக்கார். நீங்க டார்ச்சை அணைங்க, அவர் மூஞ்சி சரியாத் தெரியலை.”

அணைத்தான். திரையில் ஒரே மெத்தையில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மற்றவனின் ஈரத் தலைமுடியை விரலால் கோதிக்கொண்டிருந்தான். கோதப்படுகிறவன் கண்ணை மூடாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இடது பக்கம் படுத்திருக்காரே, அவர்தான் என் வீட்டுக்காரர்” என்றாள் அவள். “போய்ச் சேர்ந்துட்டார். நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் இன்னைக்குக் காலையிலதான் புத்தர் கோயில்ல முடிஞ்சுது.”

குனிஜி சட்டென்று தலை குனிந்தான். வாயில் இருந்த மிட்டாயை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“எப்படிப் பார்க்கிறார் பாருங்க. என்னை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. பொறாமையாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பார்வையை இன்னொரு தடவை பார்த்துடணும்னு மனசு அடிச்சுக்குது.”

பக்கத்து நாற்காலியில் விம்மல் கேட்டது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்திருந்தார். அவள் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“காரியத்துக்கு இவரையும் கூப்பிடுவோம்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சொந்தக்காரங்க, படியை மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்க” என்றாள். “அதான் தம்பி, திரையில வலது பக்கம் இருக்கிறவரை நானே கையோட இங்கே கூட்டிட்டு வந்துட்டேன்.”