சுவரில் எழுதிய கூலி

முதலில் துரோகம் செய்தது மச்சினன்தான். அதை மெக்கானிக் பதினோரு வருஷமாக யாரையும் மறக்க விடவில்லை.

இரண்டு பேரும் ஒரே பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியவர்கள். திடீரென்று மச்சினன் தனியே போய், வெளிநாட்டு மோட்டார்களை இறக்கி விற்க ஆரம்பித்தான். பழுது பார்ப்பதைவிடப் புதுசு மலிவு. வாடிக்கையில் பாதி அவன் பின்னால் போய்விட்டது.

போகும்போது ஒரு வார்த்தையும் சொன்னான்.

“இந்தக் கூலியை வச்சுக்கிட்டு ஒரு வருஷம்கூடத் தாங்க மாட்டீங்க அத்தான்.”

அன்றைக்கே மெக்கானிக் அந்தக் கூலியைப் பட்டறைச் சுவரில் பெயின்டால் எழுதினார். பேரிங் மாற்றினால், பேரிங்கோடு சேர்த்து இவ்வளவு என்று. அதற்கப்புறம் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அவன் ஜெயித்ததாக ஆகிவிடுமே!

வீட்டில் மனைவிகூடத் தன் தம்பி பேரை எடுக்க முடியாது.

போன வருஷம் அரசாங்கம் இறக்குமதிச் சாமான்களுக்கு வரியைத் தாறுமாறாக ஏற்றியது. மெக்கானிக்குக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“கட்டட்டும்! வெளிநாட்டுக்காரனும் அவனுக்கு வால் பிடிச்சவனும் சேர்ந்து கட்டட்டும்!”

அவர் வாங்குகிற பேரிங்கும் இறக்குமதிதான். ஆனால் அவருக்கு ஒரு பைசா ஏறவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே, வரியெல்லாம் வெளிநாட்டுக்காரன் தலையில்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் வாதாடுவார்.

இன்று காலை பக்கத்து லேத்துக்காரர் ஒரு பில்லைக் காட்டினார். அதே கடை, அதே பேரிங். விலை மட்டும் ஒன்றரை மடங்கு.

சுர்ரென்று ஏறியது மெக்கானிக்குக்கு. நேரே பேரிங் கடைக்குப் போனார். உள்ளே கிடங்கில் யாரோ பெட்டிகளை இழுக்கும் சத்தம். கடைக்காரர் கல்லாவில் இருந்தார்.

“ஏம்ப்பா, வரின்னு பேரைச் சொல்லி ஊரை மொட்டை அடிக்கிறியா? எனக்கு ஒரு விலை, லேத்துக்காரனுக்கு ஒரு விலையா?”

“மெதுவாப் பேசுங்கண்ணே.”

“ஏன் மெதுவா? வரியைக் கட்டுறது வெளிநாட்டுக்காரன். உனக்கு என்ன வந்துச்சு?”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “நல்லாச் சொன்னீங்க! துறைமுகத்துல நாங்க கட்டினாத்தான் பெட்டியே வெளிய வரும். அப்புறம் அதை வாங்குறவங்க தலையில வைக்கிறோம். எல்லாருக்கும் ஒன்றரை மடங்குதான். உங்களுக்கும்தான்.”

“நான் பழைய விலைதானே தர்றேன்?”

“மீதியை வேற ஒருத்தர் தர்றார். எட்டு மாசமா.”

“எவன் அவன்? நான் பிச்சை கேட்டேனா?”

கடைக்காரர் கிடங்குப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வரி ஏறினதும் அவர் மோட்டாரை வாங்க ஆளில்லைண்ணே. கடையை மூடிட்டு, இங்க பெட்டி தூக்க வந்துட்டார். ‘பேரிங் விலை ஏறினா அத்தான் சுவத்துல இருக்கறதை அழிக்க மாட்டார், பட்டறையைத்தான் மூடுவார். என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க’ன்னார்.”

மெக்கானிக் கிடங்குப் பக்கம் திரும்பினார்.

கிடங்குத் திரையை விலக்கிக்கொண்டு, தோளில் பெட்டியோடு ஒருவன் வந்தான். தலை முழுக்க நரை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவில் ஒன்றுகூட மெக்கானிக் வாயில் வரவில்லை.

“போதும்டா…” என்றார், எப்படியோ. “தீர்ந்துச்சு.”

மச்சினன் பெட்டியை இறக்கி வைத்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எங்க தீர்ந்துச்சு அத்தான்? இது வரி மட்டும்தான். அன்னைக்கு உங்ககிட்டயிருந்து எடுத்துட்டுப் போனது அப்படியே பாக்கி இருக்கு.”